களம் புகத் தகுந்தவர் யார்?

பாரதக் கதையில் அத்தினாபுரத்து அரங்கேற்றக் களம் ஒன்று வருகின்றது. துரோணரிடம் வில்வித்தை கற்ற அரசிளங்குமரர் தத்தம் திறமையைக் காட்டி முடித்த வேளையில், ஒருவரும் அழையாமலே கர்ணன் அங்கே வந்து நிற்கின்றான். அருச்சுனன் செய்து காட்டியவற்றை எல்லாம் தானும் செய்து காட்டுகின்றான். பின்னர் அருச்சுனனைத் தனிப்போருக்கு அழைக்கின்றான். அப்பொழுது கிருபாசாரியர் எழுந்து, அவனுடைய குலம் யாது, தந்தை யார் என்று வினவுகின்றார். வில்லைப்பற்றி எழவேண்டிய வினா பிறப்பைப்பற்றி எழுந்துவிடுகின்றது. கர்ணன் தலை கவிழ்ந்து நிற்கின்றான்.

ஆடுகளத்தின் எல்லைக்கோட்டிலே நிற்கும் ஒருவன் உள்ளே வருவதற்கு எத்தகைய தகுதி வேண்டும்? இவ்வினா விளையாட்டுக்கள் தோன்றிய நாள்தொட்டு மனிதனைத் தொடர்ந்து வருகின்றது. இதற்கு அளிக்கப்பட்ட விடைகளுட் சில நியாயமானவை, சில வேடிக்கையானவை, சில கொடியவை. இம்மூவகையையும் ஒரே இடத்தில் காணவேண்டுமாயின், நம் நாட்டவர்க்கு அதிகம் பழக்கமில்லாத பேஸ்போல் என்னும் அமெரிக்க விளையாட்டின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். அதிலும் சிறப்பாக, அந்த விளையாட்டைக் காகிதச் சீட்டுக்களாலும் பகடைகளாலும் வீட்டு மேசைமீது ஆடுவோர் வகுத்துக்கொண்ட விதிகளைப் பார்க்கவேண்டும். விளையாட்டுப்போலத் தோன்றும் அவ்விதிகளுக்குள்ளே ஒரு நாட்டின் மனச்சாட்சி அடங்கிக் கிடக்கின்றது.

பேஸ்போல் எத்தகையது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் கிராமங்களில் புத்தாண்டுக் காலத்தில் ஆடப்படும் எல்லே விளையாட்டை அறிந்தவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. பந்தை வீசுபவர் ஒருவர்; உருண்டைக் கட்டையால் அதனை அடிப்பவர் ஒருவர். அடித்தவர் மூன்று தளங்களைச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே மீண்டால் ஓர் ஓட்டம். கிரிக்கெட்டிலே ஓட்டங்களின் சராசரியைக் கொண்டு துடுப்பாட்டக்காரரை மதிக்கின்றோம். பேஸ்போலில், அடிக்கச் சென்ற தடவைகளில் எத்தனை தடவை வெற்றியாக அடித்தார் என்ற விகிதத்தைக் கொண்டு மதிக்கின்றார்கள். பத்துத் தடவைக்கு மூன்று தடவை அடித்தால் அவருடைய விகிதம் 0.300. அதற்கு மேற்பட்டவர் சிறந்த ஆட்டக்காரர் எனப்படுவர்.

எண்ணும் கணக்கும் இவ்விளையாட்டோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்துள்ளன. ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்கும் மறுநாட் பத்திரிகையில் வரும். ஆண்டு முடிவில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் சில வரிகள் கொண்ட எண்களாக மாறிவிடுவார். அந்த எண்களைத் திரும்பவும் மனிதராக மாற்றிவிடலாம் என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

விஸ்கொன்சின் மாநிலத்துக் கிரீன் பே நகரைச் சேர்ந்த கிளிபோர்ட் வான் பீக் என்பவர் அவ்வாறு எண்ணியவருள் முன்னோடியாவார். 1930ஆம் ஆண்டின் ஆட்டக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு சீட்டு வகுத்தார். பகடையை உருட்டி, விழுந்த எண்ணைச் சீட்டிற் பார்த்தால், அந்த ஆட்டக்காரர் அம்முறை என்ன செய்தார் என்பது தெரியவரும். இம்முயற்சி வணிகத்தில் வெற்றி பெறவில்லை. ஆயினும் அதனை இளமையில் ஆடி மகிழ்ந்த ரிச்சர்ட் சைற்ஸ் என்பவர், பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் நகரிலிருந்து 1951இல் 'அப்பா' எனப்படும் ஆட்டத்தை வெளியிட்டார். அமெரிக்கத் தொழின்முறைப் பேஸ்போற் சங்கம் என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து அமைந்த பெயர் அது. நம் செவிக்குத் தந்தையை அழைப்பதுபோல் ஒலிப்பது தற்செயலே. பத்து ஆண்டுகளின் பின், 1961இல், ஹால் ரிச்மன் என்னும் இளைஞர் 'ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்' என்ற ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் பகடை மூன்று. ஒரு பகடை 1 முதல் 3 வரை காட்டினால் அடிப்பவரின் சீட்டைப் பார்க்கவேண்டும். 4 முதல் 6 வரை காட்டினால் வீசுபவரின் சீட்டைப் பார்க்கவேண்டும். மற்றை இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை பயனைச் சொல்லும். இவ்வாறு இருவர் திறமையும் சரிபாதியாக ஆட்டத்திலே கலந்துவிடுகின்றன.

இச்சீட்டுக்களைக் கொண்டு நண்பர் பலர் கூடிக் கழகங்கள் அமைத்தனர். ஒருவர் ஒரு குழுவுக்கு அதிபர். பழைய காலத்து ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுத்து, வேறு வேறு தலைமுறையினரை ஒரே களத்தில் மோதவிடுவர். 1911இல் ஆடியவர் 1961இல் ஆடியவரோடு பொருதுவார். இறந்தவர் எழுந்து ஓடுவர். முதியவர் இளைஞராவர். ராபர்ட் கூவர் என்ற அமெரிக்க நாவலாசிரியர், தம் மேசைமீது இவ்வாறு ஒரு தனியுலகத்தையே நடத்திய கணக்காளர் ஒருவரைக் கதைத்தலைவராக்கி 1968இல் ஒரு நாவல் எழுதினார். பகடையின் ஒரு வீழ்ச்சியால் தம் கற்பனை இளைஞன் ஒருவன் இறந்துபடவே அக்கணக்காளர் நிலைகுலைந்து போவதை அதிற் காண்கின்றோம். காகித மனிதர்பால் உண்மை மனிதர் கொள்ளும் பற்று அத்துணை ஆழமானது.

இத்தகைய கழகத்திலே முதலில் எழும் வினா, எவரைச் சேர்க்கலாம் என்பதே. எல்லாரையும் சேர்க்கலாமே என்று நேயர்கள் எண்ணலாம். அதில் ஓர் இடையூறு உண்டு.

ஹியூஸ்டன் குழுவிலே ஜோன் பசியோரெக் என்னும் 18 வயது இளைஞர் 1963ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி தமது முதலாவது ஆட்டத்தை ஆடினார். அன்று மூன்று தடவை அடிக்கச் சென்று மூன்று தடவையும் வெற்றியாக அடித்தார். மேலும் இருமுறை எதிரணியின் தவறான வீச்சுக்களால் முதற்றளம் அடைந்தார். பின்னர் முதுகிலே ஏற்பட்ட நோயால் அவர் உயர்நிலைக் கழகங்களில் மறுபடியும் ஆடவில்லை. ஆதலின் அவருடைய வாழ்நாள் விகிதம் 1.000. அவருக்கு ஒரு சீட்டு வகுத்துக் கழகத்திற் சேர்த்தால், ஆண்டு முழுவதும் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார். எவராலும் அவரை வெளியேற்றமுடியாது. ஒரு பிற்பகலின் நல்லூழ் ஒரு யுகத்தின் வல்லமையாகிவிடும்.

இதனைத் தடுப்பதற்காகவே அளவு விதிகள் எழுந்தன. உண்மையில் ஓர் ஆட்டக்காரர் அவ்வாண்டில் எத்தனை தடவை அடிக்கச் சென்றாரோ, சீட்டாட்டத்திலும் ஏறத்தாழ அத்தனை தடவைதான் செல்லலாம் என்பது ஒரு விதி. பந்து வீசுபவருக்கும் அவர் வீசிய அளவே எல்லை. குறைந்த அளவு ஆடாதவரைச் சேர்த்தலாகாது என்பது இன்னொரு விதி. உண்மையில் எந்த இடத்தில் நின்று ஆடினாரோ அந்த இடத்தில்தான் நிறுத்தலாம் என்பது பிறிதொன்று. பேப் ரூத் போன்றவர்கள் இவ்விடத்திலே சிக்கலை உண்டாக்குவர். 1919இல் பொஸ்டன் குழுவுக்காக அவர் 29 முறை பந்தை அரங்குக்கு அப்பால் அடித்து அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். அதே ஆண்டில் பந்துவீச்சாளராகவும் 9 ஆட்டங்களை வென்றார். இவருக்கு ஒரு சீட்டா, இரண்டு சீட்டா? ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்தலாமா? இத்தகைய வினாக்களில் நண்பர்கள் நள்ளிரவு வரை வாதாடுவர்.

மேசைமீது எழுந்த இதே வினா உண்மைக் களத்திலும் எழுந்ததுண்டு. 1954ஆம் ஆண்டிலே பொஸ்டன் குழுவின் டெட் வில்லியம்ஸ் 0.345 என்ற விகிதத்தோடு அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெறவேண்டியவராய் இருந்தார். ஆயினும் பட்டம் 0.341 பெற்ற கிளீவ்லண்ட் குழுவின் பொபி அவிலாவுக்கே சென்றது. ஏன்? பட்டத்துக்கு உரியவர் 400 தடவையாவது அடித்திருக்கவேண்டும் என்பது அந்நாள் விதி. வில்லியம்ஸ் கணக்கில் 386 தடவையே இருந்தன. ஆனால் அவர் அடிக்கச் செல்லாமல் சோம்பியிருந்தாரல்லர். எதிரணி வீச்சாளர் அவருக்கு அஞ்சி அடிக்கமுடியாதபடி அகலப் பந்துகளை வீசியதனால், 136 தடவை வெறுமனே முதற்றளத்துக்குச் சென்றார். அத்தடவைகள் விதியின் கணக்கில் சேரவில்லை. அஞ்சத்தக்கவராய் இருந்ததே அவருக்குத் தகுதிக்குறைவாயிற்று!

இவ்விதியின் குறை யாவருக்கும் புலப்பட்டது. 1957 முதல் விதி மாற்றப்பட்டது. அடித்த தடவைகளை மட்டும் எண்ணாமல், அடிக்கும் இடத்துக்கு வந்த தடவைகள் அனைத்தையும் எண்ணினர். குழுவுக்கு வகுக்கப்பட்ட ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 3.1 தடவை என்ற கணக்கில், 154 ஆட்டங்கள் கொண்ட ஆண்டுக்கு 477 தடவை என வரையறுத்தனர். பிற்காலத்தில் ஆட்டங்கள் 162 ஆனபோது எல்லை 502 ஆயிற்று. அளவுகோல் நிலையான எண்ணாக இராமல், ஆடப்படும் ஆட்டங்களின் தொகைக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் வரவேண்டும் என்ற இக்கருத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். இதன் பெருமை பின்னர் விளங்கும்.

வேடிக்கையான விடைக்கும் ஓர் உதாரணம் கூறலாம். 1951ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆந் திகதி சென்ற் லூயிஸ் பிரவுண்ஸ் குழுவின் அதிபர் பில் வீக், எடி கெடெல் என்பவரை அடிப்பதற்கு அனுப்பினார். அவருடைய உயரம் 3 அடி 7 அங்குலம். சட்டையில் பொறித்திருந்த இலக்கம் எட்டில் ஒன்று என்னும் பின்னம். நடுவர் ஐயுற்றபோது, முறைப்படி எழுதப்பட்ட ஒப்பந்தம் காட்டப்பட்டது. முழங்காலுக்கும் தோளுக்கும் இடையே உள்ள அச்சிறு இடைவெளிக்குள் வீச்சாளரால் பந்தைச் செலுத்த முடியவில்லை. நான்கு பந்துகளும் தவறிப்போக, கெடெல் முதற்றளம் அடைந்தார். மறுநாளே லீக்கின் தலைவர் அவருடைய ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்தார். அரங்கில் இருந்தோர் நகைத்தனர். அதிலும் ஓர் உண்மை இருக்கின்றது. எழுதப்பட்ட விதி எதுவும் கெடெலைத் தடுக்கவில்லை. அதிகாரம் உடையவர் விரும்பாமையே தடுத்தது. எழுதாத விதி எழுதிய விதியினும் வலிது.

அவ்வெழுதாத விதியைப்பற்றியே இனிப் பேசவேண்டியிருக்கின்றது.

சீட்டாட்டக் கழகத்திலே ஒருவர் இடம்பெற வேண்டுமாயின் அவருக்குச் சீட்டு இருக்கவேண்டும். சீட்டுக்கு அடிப்படை ஆண்டுக்கணக்கு. உயர்நிலைக் கழகங்களில் ஆடியவருக்கே அக்கணக்கு உண்டு. எனவே, உயர்நிலைக் கழகத்தில் குறைந்த அளவேனும் ஆடியவர் மட்டுமே சேரலாம் என்ற விதியைப் பார்க்கும்பொழுது, அஃது எவரிடத்தும் விருப்பு வெறுப்பு அற்ற நடுநிலை விதியாகவே தோன்றும். ஆனால் அந்தக் கணக்கேட்டின் வாயிலிலே நின்று காவல் செய்தவர் யார் என்று கேட்டால் நடுநிலை கலைந்துவிடும்.

1857இல் நியூயோர்க் சார்ந்த கழகங்கள் கூடித் தொடங்கிய தேசியச் சங்கம், ஆட்டக்காரர் தகுதியைப்பற்றிச் சில விதிகளை வகுத்திருந்தது. ஒரு கழகத்துக்காக ஆடுபவர் முப்பது நாளாவது அதன் உறுப்பினராய் இருந்திருக்கவேண்டும். ஊதியம் பெற்று ஆடுதல் ஆகாது. வெளியூரிலிருந்து வல்லவரை ஒரு நாட் கூலிக்கு அழைத்து வருவதைத் தடுக்கும் நோக்கம் கொண்ட இவை தம்மளவில் நியாயமானவையே. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த இரண்டாம் ஆண்டில், 1867 டிசெம்பரில், அதே சங்கம் இன்னொரு விதியையும் ஏற்றது. கறுப்பினத்தவர் ஒருவரேனும் உறுப்பினராய் உள்ள கழகத்தைச் சேர்த்தலாகாது என்பதே அது. சங்கத்துக்குள் மனக்கசப்பு ஏற்படாதிருக்கவே இவ்வாறு செய்வதாகவும், விலக்கிவைப்பதனால் எவருக்கும் தீங்கில்லை என்னும் கருத்துப்படவும் காரணம் கூறப்பட்டது. எவருக்கும் தீங்கில்லையாம்! விலக்கப்பட்டவர் எவருள்ளும் அடங்கார் போலும்.

அச்சங்கம் மறைந்தது, தொழின்முறைக் கழகங்கள் தோன்றின. 1884இல் மோசஸ் பிளீட்வுட் வோக்கர் என்னும் கறுப்பினத்தவர் ரொலிடோ குழுவுக்காக அமெரிக்கன் அசோசியேஷன் என்ற உயர்நிலைக் கழகத்தில் 42 ஆட்டங்கள் ஆடினார். 1887 ஜூலை 14ஆந் திகதி இன்டர்நாஷனல் லீக் என்ற இரண்டாம் நிலைக் கழகத்தின் இயக்குநர்கள் கூடி, கறுப்பின ஆட்டக்காரரோடு இனிப் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தனர். உயர்நிலைக் கழகங்களோ இத்தகைய விதி எதனையும் எழுதவே இல்லை. எழுதவேண்டிய தேவையும் அவற்றுக்கு இருக்கவில்லை. கனவான்களுக்கிடையே உள்ள இணக்கம் என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர் வழங்கிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல், ஓர் எழுத்தும் இல்லாமல், அந்த மதில் நின்றது.

மதிலுக்கு வெளியே நின்றவர் சும்மா இருந்தாரல்லர். 1920 பெப்ரவரியில் கன்சாஸ் நகரிலே ரூப் பொஸ்டர் என்பவர் முயற்சியால் நீக்ரோ தேசிய லீக் என அந்நாளிற் பெயர்பெற்ற கழகம் தோன்றியது. அதனைத் தொடர்ந்து வேறு சிலவும் எழுந்தன. அவற்றிலே ஆடியவருள் இருவர் கதையை மட்டும் இங்கே கூறுவோம்.

ஒருவர் சாச்செல் பேஜ். பந்து வீசுவதில் நிகரற்றவர். தம் இளமை முழுவதையும் மதிலுக்கு வெளியிலேயே கழித்தவர். ஜக்கி ரொபின்சன் 1947 ஏப்ரல் 15ஆந் திகதி புரூக்ளின் குழுவுக்காகக் களம் புகுந்து மதிலை உடைத்த பின்னர், 1948 ஜூலையில், கிளீவ்லண்ட் குழு பேஜை அழைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 42. அவ்வயதிலும் அவ்வாண்டில் ஆறு ஆட்டங்களை வென்று ஒன்றிலேயே தோற்றார். உயர்நிலைக் கழகக் கணக்கை மட்டும் பார்த்துச் சீட்டு வகுப்பவருக்குப் பேஜ் 42 வயதிற் பிறக்கின்றார். அதற்கு முன் அவர் இல்லை. அவருடைய முதுமையின் நிழல் மட்டுமே சீட்டாகின்றது. இளமையின் ஒளிக்குச் சீட்டில்லை.

மற்றவர் ஜொஷ் கிப்சன். ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிற்ஸ்பேர்க் குரோபோர்ட்ஸ் ஆகிய குழுக்களில் ஆடியவர்; பந்தை அடிக்கும் வலிமையில் பேப் ரூத்தோடு ஒப்பிடப்பட்டவர். அவர் 1947 ஜனவரி 20ஆந் திகதி தமது 35ஆம் வயதில் இறந்தார். ரொபின்சன் களம் புகுவதற்கு மூன்று மாதம் கூட இல்லாத நிலையில் அச்சாவு நேர்ந்தது. பேஜுக்கு முதுமையின் சீட்டாவது கிடைத்தது. கிப்சனுக்கு அதுவும் இல்லை.

இவ்விடத்தில் இன்னொரு வகை விலக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 1919ஆம் ஆண்டின் இறுதித் தொடரில் சிக்காகோ குழுவைச் சேர்ந்த சிலர் சூதாடிகளிடம் பணம் பெற்றுத் தோற்க உடன்பட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1921 ஓகஸ்டில் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. மறுநாளே பேஸ்போல் ஆணையாளர் லண்டிஸ் எட்டுப்பேரையும் வாழ்நாள் முழுவதும் விலக்கிவைத்தார். அவர்களுள் ஒருவரான ஜோ ஜக்சனின் வாழ்நாள் விகிதம் 0.356, பேஸ்போல் வரலாற்றின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. சூதாட்டக் குற்றத்துக்காக 1989இல் விலக்கப்பட்ட பீட் ரோஸும் இவ்வகையைச் சார்ந்தவரே. 2025 மே மாதத்தில், வாழ்நாள் விலக்கு மரணத்தோடு முடிவுறும் என்று அன்றைய ஆணையாளர் முடிவு செய்தமையால், இறந்துபோன இவ்விருவர் பெயரும் அப்பட்டியலிலிருந்து நீங்கின.

இத்தகையோர் சீட்டாட்டத்தில் சேரலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஓர் உண்மையை மறத்தலாகாது. விலக்கப்பட்ட ஜக்சனுக்குச் சீட்டு உண்டு. அவர் ஆடியதன் கணக்கு ஏட்டில் அப்படியே இருக்கின்றது. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் ஏட்டில் நின்றது. பிறப்பொன்றே குற்றமாகக் கொள்ளப்பட்டவரின் பெயர் அந்த ஏட்டில் எழுதப்படவே இல்லை. செயலுக்காக ஒருவரை விலக்குதல் தண்டனை. பிறப்புக்காக விலக்குதல் அநீதி. முன்னதில் பிழை நேர்ந்தால் மன்னிக்கலாம், மறுபடியும் ஆராயலாம். பின்னதில் ஆராய்வதற்கு ஏடே இராது.

மதில் இடிந்தபின்னும் அதன் நிழல் நெடுங்காலம் நின்றது. கூப்பர்ஸ்ரவுண் நகரிலுள்ள பேஸ்போற் புகழ்மண்டபத்தில் இடம்பெறப் பத்து ஆண்டுகள் உயர்நிலைக் கழகத்தில் ஆடியிருக்கவேண்டும் என்பது விதி. 42 வயதிலே உள்ளே விடப்பட்டவர் பத்தாண்டுக்கு எங்கே போவார்? 1971இல் பேஜைத் தெரிவுசெய்தபோது, முதலில் அவருக்கெனத் தனியான ஒரு பகுதி அமைப்பதாகவே அறிவித்தனர். களத்திலே பிரித்து வைத்தவர்கள் புகழிலும் பிரித்து வைக்க எண்ணினர். எதிர்ப்பு எழவே அவ்வெண்ணம் கைவிடப்பட்டு, ஏனையோருக்குச் சமமாக அவர் இடம்பெற்றார். மறு ஆண்டு கிப்சனும் இடம்பெற்றார்.

இத்தனைக்கும் முன், 1969இல், எந்தெந்தப் பழைய கழகங்களை உயர்நிலைக் கழகங்களாகக் கொள்வது என்று முடிவுசெய்ய ஒரு குழு கூடியது. ஓர் ஆண்டளவே நிலைத்து மறைந்த யூனியன் அசோசியேஷன் போன்றவற்றையும் சேர்த்து ஆறு கழகங்களை அஃது ஏற்றது. கறுப்பினத்தார் கழகங்களைத் தள்ளிவிட்டது என்று கூடச் சொல்வதற்கில்லை. அவற்றை ஆராயவே இல்லை.

இந்நிலையில், ஏட்டை மீட்டெடுக்கும் பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் பதவியோ அதிகாரமோ இல்லாத ஆர்வலர்களே. 'சிக்காகோ டிபெண்டர்', 'பிற்ஸ்பேர்க் கூரியர்' முதலான கறுப்பின மக்களின் பழைய பத்திரிகைகளைத் தேடி, ஆட்டக் கணக்குக்களை ஒவ்வொன்றாகப் பிரதிசெய்து, ஒப்புநோக்கி, கூட்டினர். ஏட்டுச்சுவடிகளை ஊர் ஊராகத் தேடிய நம் சாமிநாதையரவர்களின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இவ்வுழைப்பின் தன்மை விளங்கும். இவ்வாறு கிடைத்த கணக்கைக் கொண்டு 2009இல் ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் நிறுவனம் கறுப்பினத்தார் கழகங்களின் சிறந்த ஆட்டக்காரர் நூற்றுவரளவினருக்குச் சீட்டு வெளியிட்டது. இளமைப் பேஜும் கிப்சனும் அன்று முதல் பலர் வீட்டு மேசைகளில் ஆடத் தொடங்கினர். உண்மைக் கழகங்களின் தலைமையகம் அதே வாயிலைத் திறப்பதற்கு இன்னும் பதினோர் ஆண்டுகள் வேண்டியிருந்தன. விளையாட்டுச் சீட்டு வரலாற்றுக்கு முன்னே சென்றுவிட்டது.

2020 டிசெம்பரில், 1920 முதல் 1948 வரை நிலவிய ஏழு கறுப்பினக் கழகங்கள் உயர்நிலைக் கழகங்களாக ஏற்கப்பட்டன. ஆயினும் ஒரு தடை எஞ்சியிருந்தது. அக்கழகங்களின் ஆண்டு குறுகியது. கணக்கில் வரும் ஆட்டங்கள் பெரும்பாலும் 60, 70, 80 அளவிலேயே இருக்கும். அத்தகைய குறுகிய ஆண்டில் பெற்ற விகிதத்தை 154 ஆட்டங்களில் பெற்ற விகிதத்தோடு ஒன்றாக வைத்தல் தகுமோ என்பது சிலர் வாதம். இவ்வாதத்துக்கு எதிர்பாராத இடத்திலிருந்து விடை வந்தது. 2020இல் உலகத்தைப் பீடித்த கொள்ளைநோயினால் உயர்நிலைக் கழகங்களே 60 ஆட்டங்களோடு ஆண்டை முடித்தன. அவ்வாண்டின் பட்டங்களும் முறைப்படி வழங்கப்பட்டன. தமக்கு 60 ஆட்டங்கள் போதுமாயின் பிறர்க்கு மட்டும் ஏன் போதாது?

முன்னே நேயர்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இப்பொழுது பயன்படுகின்றது. 2024 மே மாத இறுதியில் கறுப்பினக் கழகங்களின் ஆட்டக்காரர் 2,300 பேருக்கு மேற்பட்டோரின் கணக்குக்கள் பொது ஏட்டில் சேர்க்கப்பட்டன. ஆண்டுப் பட்டத்துக்கு அவர்களிடம் கேட்கப்பட்ட தகுதி யாது? தம் குழு ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 3.1 தடவை. டெட் வில்லியம்ஸுக்கு நேர்ந்த குறையைத் தீர்க்க 1957இல் வந்த அதே விதிதான். அளவுகோல் ஒன்றே, அளக்கப்படும் நிலம் மட்டும் அவரவர்க்கு வழங்கப்பட்ட நிலம். இவ்வாறு அளந்தபோது கிப்சனின் வாழ்நாள் விகிதம் 0.372 ஆயிற்று. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை கொப்பின் 0.367 இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. 1943இல் கிப்சன் பெற்ற 0.466 தனியாண்டு விகிதங்களுள் முதலாவதாயிற்று. உயர்நிலைக் கழகத்தில் ஒரு நாளும் ஆடவிடப்படாதவர், இறந்து 77 ஆண்டுகளின் பின், அதன் ஏட்டில் முதல் வரியில் நின்றார்.

இக்கணக்கு முழுமையானதன்று. பல ஆட்டங்களின் விவரம் பத்திரிகைகளில் வெளிவரவே இல்லை. வந்தவற்றுள்ளும் சில கிடைக்கவில்லை. இன்னும் தேடுகின்றார்கள். ஆதலின் எண்கள் மாறக்கூடும். அவ்வாறு மாறுதல் குறையன்று. ஏடு உயிரோடிருக்கின்றது என்பதற்கு அடையாளம்.

நாம் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், தகுதி விதி மூவகைப்படும். அளவைப் பார்ப்பது ஒன்று. ஒழுக்கத்தைப் பார்ப்பது ஒன்று. பிறப்பைப் பார்ப்பது ஒன்று. அளவு விதி இல்லாவிடில் ஒரு நாள் வெற்றி பெற்றவன் ஓராண்டு உழைத்தவனை வென்றுவிடுவான். ஆகவே அது வேண்டும். ஒழுக்க விதி இல்லாவிடில் ஆட்டத்தை எவரும் நம்பார். ஆகவே அதுவும் வேண்டும். பிறப்பு விதியோ எதற்கும் வேண்டியதன்று. எனினும் அது வெளிப்படையாக வருவது அரிது. அளவு விதியின் ஆடையை உடுத்துக்கொண்டே பெரும்பாலும் வரும். பத்து ஆண்டு ஆடியிருக்கவேண்டும் என்னும். ஏட்டில் கணக்கு இருக்கவேண்டும் என்னும். ஆடவிடாதவரே ஆடவில்லை என்று குறைகூறும் விந்தையை அதிலே காணலாம். ஆகையால் ஒரு விதியை ஆராய்பவர், அது சொல்வதை மட்டும் கேளாமல், அது நம்பியிருக்கும் ஏடு எவ்வாறு எழுதப்பட்டது என்பதையும் கேட்கவேண்டும்.

அத்தினாபுரத்துக் களத்திலே துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டு முடி சூட்டினான். முடி கிடைத்தது, ஆயினும் அன்றைய போட்டி நடைபெறவில்லை. கதிரவன் மறைந்தான், கூட்டம் கலைந்தது. கிப்சனுக்கும் இன்று முடி சூட்டப்பட்டுவிட்டது. அவர் ஆடியிருக்கவேண்டிய ஆட்டங்களோ நடைபெறவில்லை. இனி நடைபெறப்போவதும் இல்லை. எங்கோ ஒரு வீட்டு மேசையில், மூன்று பகடைகள் உருளும்பொழுது மட்டும், ஒரு காகிதச் சீட்டு அவ்வாட்டத்தை ஆடிக் காட்டுகின்றது. அதனைக் கண்டு மகிழலாம். அதனோடு, அதனைக் காகிதத்தில் ஆடவேண்டி வந்தது ஏன் என்பதையும் நினைந்துகொள்ளல் வேண்டும்.